மச்சான் ஊற்றிய எண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஸ்டாண்டில் வைத்திருக்கும் பெயர் 'விசாரணை'. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. செருப்பு வாங்கப் போனால்கூட அடிப்பாகம் என்ன ரப்பர், தையலா பசையா, மழையில் ஊறினால் என்ன ஆகும் என்று கடைக்காரர் களைத்துப் போகும்வரை கேட்பார். கேட்டுவிட்டு வாங்காமல் வந்துவிடுவார். வந்தபின், வாங்கியிருக்கலாமோ என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடப்பார். எங்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே அத்தனை தூரமெல்லாம் கிடையாது. அந்த இத்தனூண்டு இடத்தில் ஒருவர் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தால் பார்க்கிறவளுக்குத் தலை சுற்றும்.

என்னைக் கட்டிக்கொள்ள மட்டும் அவர் யாரையும் விசாரிக்கவில்லை. பார்த்தார், சரி என்றார். அதை நினைத்து நான் பூரித்துப் போயிருக்கிறேன். அவர் தன் மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கும் கூத்தைப் பார்த்த பிறகுதான் அந்தப் பூரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஒரு டப்பா எஞ்சின் ஆயிலுக்கு இந்த மனுஷர் தூக்கத்தைத் தொலைக்கிறார் என்றால், என்னை எந்தக் கணக்கில் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார்?

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அவர் ஓடிக்கொண்டிருக்கிறார். ஊர் முழுக்க இருக்கும் சின்னச் சின்ன கிளினிக்குகளில் காலையில் எடுத்த ரத்தக் குழாய்களை, ஐஸ் பை வைத்த நீலப் பெட்டியில் அடுக்கி, அது சூடாவதற்குள் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுவிடும். கெட்டுப்போனால், அந்த நோயாளியின் கையில் மறுபடியும் ஊசி குத்த வேண்டும். ஒரு சின்னக் குழந்தைக்கு அப்படி இரண்டாம் முறை குத்தும்போது இவர் அங்கேயே நிற்க நேர்ந்ததாம். அன்றிலிருந்து வண்டியில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. போதாக்குறைக்கு, அவரை நிரந்தரமாக எடுப்பதா வேண்டாமா என்று பரிசோதனைக் கூடத்து மேடம் இன்னும் முடிவு செய்யவில்லை. சோதனைக் காலம் என்று சொல்லியிருந்தார்கள். ரத்தத்துக்கும் சோதனை, ரத்தம் சுமக்கிறவருக்கும் சோதனை.

வண்டி பழையது. எங்கள் குடித்தனம் மாடியில். வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கும். எண்ணெய் மாற்ற வேண்டிய நேரம் நெருங்கியதும் இவர் விசாரணையை ஆரம்பித்தார். வண்டியோடு வந்த கையேட்டைப் பீரோவிலிருந்து எடுத்துப் படித்தார். ஆயில் கடைக்காரரிடம் கேட்டார். பெட்ரோல் போடுகிறவரிடம் கேட்டார். ஸ்டாண்டில் ஒருவர், கெட்டியான எண்ணெய் ஊற்றினால்தான் பழைய எஞ்சின் தாங்கும் என்றார். இன்னொருவர், மெல்லிசாக ஊற்றினால் வண்டி பறக்கும் என்றார். இரவு சாப்பிட்டு முடிந்ததும் செல்போனில் யாரோ ஒருவர் இரண்டு கோப்பை எண்ணெயை ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்துக் காட்டுவார். அதை இவர் சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏங்க, எண்ணெய்னா எண்ணெய்தானே? ஏதாவது ஒண்ணை ஊத்துங்களேன்" என்று ஒருநாள் வாயை விட்டுவிட்டேன்.

"அப்படிச் சொல்லாத" என்று உட்கார்ந்துவிட்டார். "கார்ல எஞ்சினுக்குத் தனி எண்ணெய், கியருக்குத் தனி எண்ணெய். நம்ம வண்டியில எல்லாத்துக்கும் ஒண்ணுதான். எஞ்சின், கியர், கிளட்ச் மூணும் ஒரே எண்ணெய்லதான் குளிக்குது. கிளட்ச்சுல இருக்கற தட்டெல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டாதான் வண்டி நகரும். எண்ணெய் ரொம்ப வழுவழுன்னு இருந்தா பிடிக்காது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதனால பைக் டப்பாவுல எம்.ஏ.ன்னு ஒரு சின்ன முத்திரை இருக்கும். அது இருக்கான்னு பார்த்துத்தான் வாங்கணும்."

"நானே பத்தாவதோட நின்னவ. உங்க எண்ணெய் எம்.ஏ.வா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எண்ணெய் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கையேட்டில் போட்டிருக்கிறபடி, அந்த முத்திரை உள்ள சாதாரண பைக் எண்ணெய். இதைக் கண்டுபிடிக்க ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்க வேண்டாம். அது வேறு கதை. அடுத்த நாள் வாங்குவதாக இருந்தார்.

அடுத்த நாள் என் அண்ணன் வந்தான்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அண்ணன் கார் ஷெட் வைத்திருக்கிறான். பெரிய பெரிய கார்கள் வரும். ஊரில் அவன் கைக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேருக்கேற்ற கர்வமும் உண்டு. இவருக்கு முன்பு இருந்த வேலை போனபோது, "மாப்பிள்ளை, நம்ம ஷெட்டுக்கு வந்துடுங்க" என்று கூப்பிட்டான். இவர் பூசி மெழுகியிருக்கலாம். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஷெட்டில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் முன்னால், "மச்சான் கையில சம்பளம் வாங்கற வேலை எனக்குச் சரிப்படாது" என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். சொன்னதில் தப்பில்லை. சொன்ன இடம்தான் தப்பு. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால்கூட மறுநாள் சரியாகியிருக்கும். அவன் மரியாதையாக ஒதுங்கிவிட்டான். என் வாசலை மிதிக்கவில்லை. நான் போன் செய்தால், "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று யாரோ மூன்றாம் மனுஷியிடம் பேசுகிற மாதிரி பேசி வைத்துவிடுவான். இரண்டு வருடம் அப்படி ஓடியது. எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான். எனக்கு அந்த இரண்டு வருடம் எப்படிப் போனது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு காலையில் கையில் பளபளவென்று ஒரு டப்பாவோடு கீழே நின்று, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதிப் படியில் பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது.

"சிக்னல்ல மாப்பிள்ளை வண்டி பக்கத்துல நின்னுச்சு. நான் கார்ல இருந்தேன், அவர் என்னைப் பார்க்கல" என்றான் அண்ணன். "எஞ்சின் கடகடன்னு அடிக்குது. எனக்கு மனசு கேட்கல. இது சாதாரண எண்ணெய் இல்ல. வெளிநாட்டு காருக்கு மட்டும்தான் இதை ஊத்துவேன். பெரிய டாக்டர் ஒருத்தர் காருக்குன்னு வரவழைச்சது. அதுல ஒண்ணை மாப்பிள்ளைக்குன்னு எடுத்து வெச்சுட்டேன்."

அவர் டப்பாவை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். அவர் எதையும் படிக்காமல் விடமாட்டார் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கதையை ஒளித்து வைத்துச் சொல்ல வராது. அது கார் எண்ணெய். தண்ணீர் மாதிரி மெல்லிசு, ஏகத்துக்கும் வழுவழுப்பு. பைக் முத்திரை எங்கும் இல்லை. பிடிக்க வேண்டிய தட்டுகள் அதில் பிடிக்காது. இது தெரிந்துகொண்டே அவர் நிமிர்ந்து, வேண்டாம் மச்சான் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாராம். படியில் பாதி டம்ளரோடு நான் நின்றிருந்தேனாம். என் முகத்தைப் பார்த்தாராம். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அண்ணன் தானே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பழைய எண்ணெயை வடித்தான், புதியதை ஊற்றினான். வெளிர் பச்சையாக, பார்க்கவே அழகாக இறங்கியது. இவர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"எப்படி மாப்பிள்ளை?"

"பிரமாதம் மச்சான்."

ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கிற மனுஷர், கேட்க வேண்டிய ஒரே இடத்தில் பிரமாதம் என்றார்.

முதல் சில நாட்கள் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்குப் பெருமை. பிறகு மெதுவாக ஆரம்பித்தது. இவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் மட்டும் வீரிட்டுக் கத்தும். வண்டி, யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி அடியெடுத்து வைக்கும். சமதரையில் சமாளித்துவிடலாம். ஊருக்கு நடுவே இருக்கும் பெரிய பாலத்தில் ஏறும்போதுதான் தவிப்பு. ரத்தக் கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். நான் வேலை பார்க்கும் துணி தைக்கிற கடையும் அந்தப் பக்கம்தான்.

இவர் பாலத்தை விட்டுவிட்டார். கீழே சந்தைத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து போக ஆரம்பித்தார். சுற்றுவழி என்பதால் சீக்கிரமே கிளம்பினார். டீ பாதியில் நிற்கும், இவர் கீழே இறங்கியிருப்பார். தினமும் என்னைக் கடை வாசலில் இறக்கிவிடுகிறவர், "நீ பஸ்ல போயேன், எனக்கு வேற பக்கம் போகணும்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாள் நான் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தது உண்மைதான். அதற்காகவா?

"என்னை ஏத்திக்கிட்டுப் போக வெட்கமா இருக்கா?"

"ஐயோ, என்ன பேச்சு இது."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. வேலை டென்ஷன்."

வேலை டென்ஷன் உண்மைதான். சுற்றுவழியில் போனால் கேட்டில் மாட்டிக்கொள்வார். பெட்டி தாமதமாகப் போனது. ஒருமுறை மேடம் பெட்டியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஐஸ் கரைஞ்சிருக்கே" என்று மட்டும் சொன்னாராம். இன்னொரு முறை, "இன்னும் ஒரு தடவை இப்படி ஆனா இந்த ரூட்டை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியிருக்கும்" என்றாராம். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. கால் மட்டும் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினால் தீர்ந்தது. அதற்கும் ஒருநாள் முயன்றார். ஸ்பேனரோடு வண்டிக்குக் கீழே குனிந்தவரை நான் பார்த்துவிட்டேன். "அண்ணன் ஊத்தி எத்தனை நாளாச்சு, அதுக்குள்ள எதுக்கு மாத்தறீங்க? அவன் குடுத்தது பிடிக்கலையா உங்களுக்கு?" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை. "இல்ல இல்ல, போல்ட் லூசா இருக்கான்னு பார்த்தேன்" என்று எழுந்துவிட்டார்.

எனக்குத் தெரியாமல் மாற்றவும் வழியில்லை. அண்ணன் இப்போது வாரம் தவறாமல் வந்தான். வந்ததும் மாடிக்கு வரமாட்டான். முதலில் வண்டி. எண்ணெய் மூடியைக் கழற்றி, அதில் இருக்கும் கம்பியில் ஒட்டிய எண்ணெயை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பான். அந்தப் பச்சையை அவன் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான்.

"எப்படி ஓடுது மாப்பிள்ளை?"

"வெண்ணெய் மாதிரி ஓடுது மச்சான்."

அதன் பிறகுதான் படி ஏறி வந்து, என் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு, ஷெட்டில் யார் யாரைத் திட்டினான் என்று சொல்வான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அந்த அரைமணி நேரத்துக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அதை ஒரு மறைவும் இல்லாமல் காட்டிக்கொண்டேன் போலிருக்கிறது. இவர் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பார். எழுந்து நடப்பார். மறுபடி உட்காருவார். அண்ணனும் அதைக் கவனித்தான்.

"மாப்பிள்ளைக்குக் கால்ல சக்கரமா? உட்காரவே மாட்டேங்கறாரே."

"அவர் எப்பவும் அப்படித்தான்" என்று நான் சிரித்தேன்.

பிறகு ஒரு காலையில் அண்ணன் இரண்டாவது டப்பாவோடு வந்தான். "அடுத்த தடவைக்கு" என்று படியில் வைத்தான். இவர் அந்த டப்பாவைப் பார்த்த பார்வையை நான் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

எனக்கு அன்று விடுமுறை. இவர் காலைச் சுற்றை முடித்துவிட்டு, பெட்டியோடு வீட்டு வழியாக வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பெட்டி நிறைய குழாய்கள். நேரம் கொஞ்சம்தான் இருந்தது. அண்ணன், "என் காரை ஷெட் பையன் எடுத்துட்டுப் போயிட்டான். நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க, என்னை ஷெட்ல இறக்கி விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். என் அண்ணன் ஒல்லியான ஆள் இல்லை. வண்டி அப்படியே அமுங்கியது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிற காட்சியைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆனந்தம்.

பாலத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டுப் போட்டுத் தைத்துச் சொல்கிறேன்.

பாலத்துக்கு முன்னால் இவர் சந்தைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"ஏன் இந்தப் பக்கம்?"

"இப்படியே போயிடலாம் மச்சான்."

"கேட்டு போட்டிருப்பான். பெட்டி சூடாயிடும். பாலத்துல விடுங்க."

வேறு வழியில்லை. விட்டார். ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் எஞ்சின் ஓலமிட்டது. வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. இவர் கியரைக் குறைக்கிறார், ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிறார், எஞ்சின் இன்னும் கத்துகிறது. கருகிய வாடை வந்தது. அண்ணன் பெட்டியோடு கீழே இறங்கினான்.

இத்தனை வருடம் எஞ்சினோடு குப்பை கொட்டுகிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கிளட்ச் சறுக்குகிறது. ஏன் சறுக்குகிறது என்பதும் அடுத்த மூச்சில் தெரிந்துவிட்டது. பைக் கிளட்ச் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. கார் கார் என்று இருந்தவனுக்கு அன்று அது தோன்றவில்லை, அவ்வளவுதான். விலை உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் மனதில் இருந்திருக்கிறது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

இவர் வண்டியை ஓரமாகத் தள்ளினார்.

அண்ணன் போகிற ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான். பெட்டியை இவர் கையில் திணித்து, "முதல்ல இதைக் கொண்டுபோய்ச் சேருங்க" என்று ஏற்றி அனுப்பினான். வண்டியைத் திருப்பினான். ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகவில்லை. என் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

வியர்வை சொட்ட, மூச்சு வாங்க, வண்டியைப் படிக்குக் கீழே நிறுத்துகிறவனைப் பார்த்ததும், "அவருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆகல. ஆபீஸ் போயிருக்காரு." படியில் உட்கார்ந்தான். "உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"நான் ஊத்தின எண்ணெய் இந்த வண்டிக்கு ஆகாது. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிச்சாரே."

சுற்றுவழி, பஸ், பாதி டீ, ஸ்பேனர் என்று எல்லாம் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. தண்ணீர் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டான். மாடிக்கு வா என்றேன். வரவில்லை. அவன் முகம் அந்தப் பழைய மரியாதையான முகமாக மாறிக்கொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

இவர் வெறுங்கையோடு நடந்து வந்தார். பெட்டி சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அதைக்கூட அண்ணன் கேட்ட பிறகுதான் சொன்னார்.

"படிச்சீங்கல்ல?" என்றான் அண்ணன்.

"படிச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மச்சான்."

"அப்புறம் எதுக்கு ஊத்த விட்டீங்க? வெண்ணெய் மாதிரி ஓடுதாம், வெண்ணெய்! நானும் பல்லைக் காட்டிக்கிட்டு வாரா வாரம் வந்து விரல்ல தொட்டுப் பார்த்துட்டுப் போறேன். என் ஷெட்ல துடைக்கறவன்கூட, அண்ணே இது ஆகாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். உங்களால சொல்ல முடியல. நான் உங்களுக்கு அவ்வளவு வேத்து ஆளா?"

இவர் தலை குனிந்தே இருந்தார். வழக்கம்போல மென்று முழுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சட்டென்று நிமிர்ந்தார்.

"சொன்னேனே! ஒரு தடவை மூஞ்சிக்கு நேரா சொன்னேனே! உங்க ஷெட்டுக்கு வரமாட்டேன்னு சொன்னேன். என்ன பண்ணீங்க? ரெண்டு வருஷம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. நான் மறுபடியும் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்னு வைங்க, நீங்க மறுபடியும் ரெண்டு வருஷம் போயிடுவீங்க. குழாயைத் திறந்து விட்டுட்டு இவ பாத்ரூம்ல அழறதை யாரு பார்க்கறது? நீங்களா பார்க்கறீங்க? வண்டி போனா போகட்டும்னு விட்டுட்டேன். வேலை போனாலும் வேற தேடிக்கலாம்னு விட்டுட்டேன்."

தெருவில் போகிற ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் அழுவது இவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. என் காது மடல் வரை சூடானது. ஓடிப்போய் மாடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. 

அண்ணன் படியிலிருந்து எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தான். பிறகு, "ஸ்பேனர் எங்க?" என்றான்.

இவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் வண்டிக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். எண்ணெய் ஒரு பழைய தட்டில் வடிந்தது. பச்சை எல்லாம் போய்க் கறுத்திருந்தது. அண்ணன் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "கிளட்ச் தட்டும் கொஞ்சம் கருகியிருக்கும். நல்ல எண்ணெய் ஊத்திப் பார்ப்போம். பிடிச்சா பிடிக்கட்டும், இல்லைன்னா பிரிச்சு மாத்திடலாம்." கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "என்ன எண்ணெய், சொல்லுங்க. நான் போய் வாங்கிட்டு வரேன்."

இவர் சொன்னார். அந்தச் சின்ன முத்திரையைப் பற்றியும் சொன்னார். அண்ணன், ஷெட்டில் புதிதாகச் சேர்ந்து பாடம் கேட்கிறவன் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ஆயில் கடை அதிக தூரம் இல்லை. போய்விட்டு உடனே திரும்பிவிடலாம். அண்ணன் திரும்பவில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு, எண்ணெய் வாங்குகிற சாக்கில் நழுவிவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன். அவனுக்கு அது கைவந்த கலை. சத்தம் போடாமல் போய்விடுவான். நாளைக்குப் போன் செய்தால், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். நான் வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்தேன். உள்ளே வந்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன். இவர் எண்ணெய் இல்லாத எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தி, துடைத்த போல்ட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் இத்தனை நாள் ஒருவர்தான் நடையாய் நடந்தார். அன்று என் முறை.

கடைசியில் தெருமுனையில் அவன் தலை தெரிந்தது. கையில் ஒரு சாதாரண டப்பா. வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். "முதல் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் கார் எண்ணெயை எடுத்து நீட்டறான்! முத்திரை இருக்கறதைக் குடுய்யான்னா, எல்லாம் ஒண்ணுதான் சார்ங்கறான். அவன்கூடச் சண்டை போட்டுட்டு அடுத்த கடைக்கு, அங்கயும் இல்லாம அதுக்கடுத்த கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன்."

வாசலுக்கு வந்தவன் என்னைப் பார்த்து நின்றான்.

"நீ எதுக்கு இங்கயே நிக்கற?"

"சும்மாதான்."

"சும்மாவா? என்ன, நான் ஓடிப்போயிடுவேன்னு பார்த்துக்கிட்டு நின்னியா?"

 இல்லை என்று தலையாட்டப் போனேன்.

"ஆமா மச்சான்" என்றார் இவர், எஞ்சினிலிருந்து தலையைத் தூக்காமல். "அதுக்குத்தான் நிக்கறா."

அண்ணன் டப்பாவைப் படியில் வைத்தான். வைத்த கையாலேயே கண்ணையும் முகத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். முகமெல்லாம் எண்ணெய்.